மாமாவின் விமானம் நேராக நின்ற நாள்

இப்போதெல்லாம் கையைத் தோளுக்கு மேலே தூக்கினால் உள்ளே ஏதோ நறுக்கென்கிறது. எலும்பு மருத்துவர் வயதைக் காரணம் சொல்கிறார். நான் மாமாவைச் சொல்கிறேன். ஒன்பது வயதில் ஒன்பது நாள் விமானம் தாங்கியவன் நான். அதன் களைப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை.

அறுபதுகளின் கடைசியில் ஒரு மாசி மாதம். தொழிற்சாலைப் புகை இன்னும் வந்து சேராத ஓசூர். அம்மாவின் தம்பி பெங்களூரில் விமானத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தார். பெண் பார்ப்பதற்காக அம்மா கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டு அவரை லீவில் வரவழைத்திருந்தாள். பெண் காவேரிப்பட்டினத்தில் இருந்தது. மாமா பஸ்ஸிலிருந்து இறங்கியபோது அவரோடு ஒரு நீளமான மரப்பெட்டியும் இறங்கியது.

பெட்டிக்குள் இருந்தது ரேடியோவில் ஓடும் குட்டி விமானம். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் விட்டுப்போனதாம். கையில் ஒரு தகரப்பெட்டி; அதில் நீண்ட கம்பி, ஒரே ஒரு பொத்தான். ஒரு தடவை அழுத்தினால் விமானம் வலப்பக்கம் திரும்பும். இரண்டு தடவை அழுத்தினால் இடப்பக்கம்.

"இத ஒரு தடவ பறக்க விட்டுட்டு வந்து பொண்ணப் பாக்கறேன்க்கா" என்றார் மாமா. விமானம் பறக்க எத்தனை நேரமாகும் என்று அம்மா நினைத்தாளோ, சம்மதித்துவிட்டாள்.

பறக்கவிடும் முன்பு எடை சமமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இறக்கையின் அடியில், முன்விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக மாமா பென்சிலால் புள்ளி வைத்தார். அந்தப் புள்ளிகளில் இரண்டு விரல்நுனிகளைக் கொடுத்துத் தூக்கினால் விமானம் நேராக நிற்க வேண்டும். மூக்கு கொஞ்சம் தாழ்ந்தால் பரவாயில்லை. வால் தாழ்ந்தால் போச்சு; மேலே ஏறித் திணறித் தலைகுப்புற விழும். விரல்கள் என்னுடையவை. தூர நின்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பது மாமா.

வால் தாழ்ந்தது. பவுடர் டப்பாவில் வைத்திருந்த ஈயக்குண்டுகளில் இரண்டை எடுத்து மூக்கில் வைத்தார். மறுநாள் "ஜாஸ்தியாப் போச்சுடா" என்று ஒன்றை எடுத்தார். அதற்கு மறுநாள் பேட்டரியைப் பின்னால் தள்ளினார். மறுபடி வால் தாழ்ந்தது. பள்ளிவிட்டு வந்ததும் சிலுவையில் அறையப்பட்டவன்போல நான் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க, மாமா பெருமூச்சு விடுவார். அது வருத்தப் பெருமூச்சு என்றே நம்பினேன்.

இடையிடையே மாமாவுக்குப் பெங்களூரிலிருந்து கடிதம் வந்தது. கன்னட எழுத்து. சந்தையில் கன்னடம் பேசிப் புளி பேரம் பண்ண எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். படிக்க மாமாவுக்கு மட்டும்தான் தெரியும்.

"ஆபீஸ் கடுதாசியா மாப்ளே?" என்பார் அப்பா.

"ஆமாங்க மச்சான், ஃபோர்மேன் போட்டிருக்காரு."

ஃபோர்மேனுக்கு முத்துமுத்தான கையெழுத்து. உறையிலிருந்து மல்லிகை வாசனைகூட வந்தது. பெரிய தொழிற்சாலை என்றால் அப்படித்தான் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்குள் விபூதிப் புதன் நெருங்கிவிட்டது. அன்றோடு தவக்காலம் தொடங்கும். ஈஸ்டர் வரை எங்கள் வேதக்கார வீடுகளில் கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டார்கள். அதுவரை பெண் வீட்டார் காத்திருக்கவும் மாட்டார்கள். அம்மா பாத்திரங்களை ஓசையோடு வைக்க ஆரம்பித்தாள்.

"டேய், அது பறக்குமா, இல்ல நாந்தான் பறக்கணுமா?"

"வால் இன்னும் கனமா இருக்குக்கா. என்ன பண்ணச் சொல்ற?"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மாமா குளிக்கப் போனார். எனக்குத் தோள் கழன்றுவிடும்போல இருந்தது. இன்னும் எத்தனை நாள் நிற்பது? டப்பாவைத் திறந்தேன். மூக்கில் ஒரு குண்டு வைத்துத் தூக்கிப் பார்த்தேன். இன்னொன்று வைத்தேன். மூன்றாவது குண்டில் விமானம் என் விரல்மேல் அசையாமல் நின்றது. கோயிலிலிருந்து பொறுக்கி வந்த மெழுகுவர்த்தித் துண்டை உருக்கிக் குண்டுகளை ஒட்டினேன். பத்து நிமிஷ வேலை.

"அப்பா! நேரா நிக்குது!"

வீடே கூடிவிட்டது. தலை துவட்டாமல் ஓடிவந்த மாமா விமானத்தைத் தன் விரலில் வாங்கினார். நேராக நின்றது. விரலைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார். வால் தாழ்ந்தது.

"அங்க இல்ல மாமா, நீங்க வெச்ச புள்ளியில" என்றேன்.

மாமா என்னை வெகுநேரம் பார்த்தார். வியந்துபோனார் என்று எடுத்துக்கொண்டேன்.

திங்கள் காலை வற்றிய ஏரியில் விமானம் பறந்தது. ஒரு தடவை பொத்தானை அழுத்தாமல் விட்டிருந்தால் போதும், கரையிலிருந்த புளியமரத்தில் மோதிச் சுக்குநூறாகியிருக்கும். அவர் வேலை தெரிந்தவர், மோதவிட விரல் ஒப்பவில்லை. மூன்று வட்டம் அடித்து அது பூனைபோல இறங்கியது. "நாளைக்குக் காலைல மொத பஸ்" என்றாள் அம்மா.

பஸ்ஸில் குருபரப்பள்ளி தாண்டும்வரை மாமா திரும்பித் திரும்பிப் பெங்களூர்ப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகும் அப்படியே. காவேரிப்பட்டினத்தில் பெரியவர்கள் கூடத்தில் உட்கார, என்னை மட்டும் உள்ளே அனுப்பினார்கள். சமையலறையில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்த பெண் என்னிடம் மெல்லக் கேட்டாள்:

"லீவுல வந்து பத்து நாளாச்சாமே. இன்னிக்குத்தான் வழி தெரிஞ்சுதா உங்க மாமாவுக்கு?"

தற்பெருமைக்கு இதைவிட நல்ல இடம் எனக்கு அதன்பிறகும் கிடைத்ததில்லை. வால் கனம், ஈயக்குண்டு, மெழுகு, புள்ளி எல்லாவற்றையும் சொன்னேன். "நான் மட்டும் சரிபண்ணலேன்னா மாமா வந்தே இருக்க மாட்டாருக்கா" என்று முடித்தேன்.

அவள் ஆற்றுவதை நிறுத்தினாள்.

"இத வெளிய யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லியே."

"சொல்லாத" என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு வாசற்படிவரை போய், அங்கேயே சற்று நின்றாள். பிறகு கூடத்துக்குள் போனாள்.

ஈஸ்டர் முடிந்து கல்யாணம் நடந்தது. இன்றுவரை அவள்தான் என் அத்தை. அன்றைக்கு எனக்கு ஒரே ஒரு குறைதான். இவ்வளவு பெரிய காரியம் செய்தவனுக்கு இன்னொரு கரண்டி கேசரி வைக்கத் தோன்றவில்லையே, இப்படிப்பட்ட கஞ்ச வீட்டிலா பெண் எடுக்கிறார் என்று, திரும்பும் பஸ்ஸில் மாமாவை நினைத்து மனமாரப் பரிதாபப்பட்டேன்.