காணாமல் போன மேன்ஹோல்

குரங்கணி மலைப் பக்கம் மேகம் கறுத்தாலே எங்கள் தெருவில் பயம் வந்துவிடும். பெரிய மழையென்றால் பாதாளச் சாக்கடை நிரம்பி, குளியலறை வழியாக வீட்டுக்குள் ஏறும். குழாயை மாற்றச் சொல்லி மனு எழுதுவதைத்தான், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரான என் கணவர், முழுநேர வேலையாக வைத்திருந்தார். ஒவ்வொரு மனுவிலும் 'பொறுப்பற்ற சில வீட்டுக்காரர்கள் மேன்ஹோலை மூடிவிட்டார்கள்' என்ற வரி தவறாமல் இருக்கும்.

ஒருவழியாகப் போன மாதம் வேலை தொடங்கியது. மேஸ்திரி பழைய வரைபடத்தை விரித்துப் பார்த்தார். தெருவில் ஒரு மேன்ஹோல் குறைந்தது. என் கணவருக்கு எதிர்வீட்டு ஏலக்காய் வியாபாரி மேல் சந்தேகம். ஜீப்பு ஏற அவர் போட்டிருந்த சிமெண்டுச் சரிவைக் காட்டிக்கொடுத்தார். ஜேசிபி வந்து அதைப் பெயர்த்தது. அடியில் வெறும் மண்.

வியாபாரி கோபப்படவில்லை. அவரே டேப்பைப் பிடித்து வரைபடத்தின்படி அளந்துகொண்டு வந்தார். டேப்பு எங்கள் கார் நிறுத்தும் இடத்தில், பளபளக்கும் கிரானைட் மேல் வந்து நின்றது. வரைபடம் தப்பு என்று என் கணவர் வாதாட ஆரம்பித்தார்.

அந்தத் தளத்தைத் தெருப்பக்கம் மூன்றடி நீட்டிப் போட்டபோது அப்போது வேலையில் இருந்த அவர் பரீட்சை வேலையாகத் தேவாரம் ஊருக்குப் போயிருந்தார். வாசலில் துருப்பிடித்த வட்ட மூடி கிடப்பது அசிங்கமாக இருக்கிறதென்று கொத்தனாரிடம் மூடச் சொன்னவள் நான்தான். என் கணவரை உள்ளே கூப்பிட்டுச் சொன்னேன்.

அவர் வெளியே போய் மேஸ்திரியிடம், "ஒடைங்கப்பு. நாந்தேன் மூடச் சொன்னேன். மறந்துபோச்சு" என்றார்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் சொல்லி நான் கேட்ட முதல் பொய் அது. அதையும் வாத்தியார் குரலில்தான் சொன்னார்.

குழாய் மாற்றி முடிக்க நான்கு நாள் ஆனது. அதுவரை எங்கள் வரிசையில் சாக்கடை இணைப்பை நிறுத்தியிருந்ததால், வாளியும் துண்டுமாக நாங்கள் போய் நின்றது வியாபாரி வீட்டில்தான். தினமும் காலையில் அவர் வாசலில் காத்திருந்து, "வாங்கண்ணே, இந்தப் பக்கம் குழி கிழி ஒண்ணும் இல்ல, தைரியமா வாங்க" என்பார். இவர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போவார்.

மூன்றாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. துணி காயப்போடும்போது வியாபாரியின் மனைவியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். யாரிடமும் சொல்லவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். "நான் எதுக்கு மதினி சொல்லப்போறேன்" என்றாள்.

சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. மறுநாள் வியாபாரி வாசலில் நின்று குழிப் பேச்சை எடுக்கவில்லை. வெந்நீர் போட்டிருப்பதாக மட்டும் சொன்னார். கேலியை விட்டு ஒரே நாளில் ஊர் திருந்திவிட்டதாக என் கணவர் வீட்டுக்கு வந்து சந்தோஷப்பட்டார். நான் சமையலறைக்குள் போய்விட்டேன்.