எல்லாரும் ஏறியாச்சு

மேகமலை ஏலத்தோட்டத்தில் நான் எழுதிய ஆள் கணக்கு ஆப்புக்கு இன்று முதல் நாள்.

காலையில் ஜீப்பில் மேலே வந்தவர்களின் பெயர்கள் ஒரு தொகுப்பு. மாலையில் கீழே போக ஏறியவர்களின் பெயர்கள் இன்னொன்று. இரண்டும் ஒத்துப்போனால்தான் வண்டி கிளம்பும்.

"எல்லாரும் ஏறியாச்சு" என்றது திரை. கிளம்பினோம்.

பாதி மலையில் முன்சீட்டிலிருந்த கங்காணிக்கு போன். ஸ்பீக்கரில் ஒரு பெண்குரல்.

"அண்ணே, பேச்சியம்மா பேசுறேன். இங்கன பனி மூடிருச்சு. வண்டி எங்கன நிக்குது?"

கங்காணி திரையைத் தடவினார். "அப்படி யாரும் இன்னைக்கு மேல வரலையே."

மதியம் பேச்சியம்மாவின் தூக்குவாளியில் குழம்பு வாங்கிச் சாப்பிட்டவர் அவர்.

பின்சீட்டிலிருந்து ஒருத்தி மெதுவாகச் சொன்னாள். "பேயா இருக்கும். திரும்பிப் பாக்காம ஓட்டச் சொல்லுங்கண்ணே."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒப்பிடும் முன்பே மாலைத் தொகுப்பைக் காலைத் தொகுப்பின் மேலேயே எழுதிவிட்டது என் நிரல். அப்படி எழுதினால் மாலையில் ஏறாதவர்களின் பெயர் காலையிலும் இல்லாமல் அழிந்துவிடும்; இரண்டும் எப்போதும் ஒத்துப்போகும். மிச்சமிருக்கும் பெயர்கள் அகரவரிசையில் ஒட்டி நிற்கும். நடுவில் இடைவெளிகூடத் தெரியாது.

வண்டியைத் திருப்பினோம். பனிக்குள் நின்ற பேச்சியம்மா உடனே ஏறவில்லை.

"எம்பேரு இருக்கான்னு மொதல்ல பாருங்க."

உங்கள் ஆபீஸிலும் இப்படி ஓர் ஆப் இருக்குமே? உள்ளே போய் உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள்.

இருக்கீங்களா?