விளிம்பில் இரண்டு தட்டு

டொமிகோ வாரம் முழுக்க மெல்பர்ன் மீன் கடையில் இறால் உரிப்பாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் தன் ஜப்பானிய ஊரின் தைக்கோ முரசு அடிப்பாள். ஆள் ஒடிசல், வயது அறுபத்திரண்டு. ஆனால் அடிவயிற்றிலிருந்து ஒரு கூவல் விட்டு அவள் போடும் அடியில் மண்டபத்து ஜன்னல் கிடுகிடுக்கும். முரசுக்காரர்கள் கூவாமல் அடிப்பதில்லை.

இந்த முறை வயலின், செல்லோக்காரர்களோடு சேர்ந்து வாசிக்க வேண்டும். நாடு விட்டு நாடு வந்த தாய்மார்களைப் பற்றிய இசையாம். செல்லோ வாசிப்பவள் டொமிகோவின் மகள் லாரல். பதினோரு வருடமாக அவளிடமிருந்து கிறிஸ்துமஸுக்கு ஒரு போன், அவ்வளவுதான். மகள் மறுபடி தன்னிடம் வரமாட்டாளா என்ற ஆசையில்தான் டொமிகோ இதற்கு ஒப்புக்கொண்டாள்.

ஒத்திகையில், இசையமைத்த பிலிப்பா ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

"சின்ன வயசுல பொண்ணை எப்படிக் கூப்பிடுவீங்க? அதை இங்க வாசிங்க."

டொமிகோ யோசிக்கவே இல்லை. முரசின் மர விளிம்பில் இரண்டு தட்டு தட்டினாள்.

லாரல் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். எழுந்தது தெரிந்ததும் முகம் சிவக்க உட்கார்ந்தாள்.

"நாயைக் கூப்பிடற மாதிரி மேஜையைத் தட்டுவா," என்றாள் பிலிப்பாவிடம். பிறகு அம்மா பக்கம் திரும்பினாள். "என் பேரை ஒரு தடவையாவது சொல்லியிருக்கியா நீ?"

"நீதான் சொல்லாதேன்னே."

"நானா?"

"ஸ்கூல் வாசல்ல. கூட இருந்த பிள்ளைங்க சிரிச்சாங்க. இனிமே என் பேரைச் சொல்லாதம்மா, உனக்கு வரலைன்னே. ஆறு வயசு உனக்கு."

பெயர் வைத்தவன் புருஷன். 'ல' வராத டொமிகோவின் ஜப்பானிய நாக்கு அதற்கு வளையவே இல்லை.

லாரல் அம்மாவையே பார்த்தாள். "எனக்கு ஞாபகமே இல்லையே," என்றாள்.

ஆறு வயதுக் குழந்தையின் பேச்சுக்கு முப்பது வருடம் கட்டுப்பட்டுக் கிடந்திருக்கிறாள் இந்தப் பைத்தியக்காரி.

கச்சேரியன்று அந்த இடம் வந்தது. டொமிகோ விளிம்பைத் தட்டவில்லை. இருக்கிற மூச்சையெல்லாம் திரட்டிக் கூவினாள்: "ராரரு!"

முரசுக்காரர்களின் வழக்கமான கூவல் என்று சபை கைதட்டியது. அது ஒரு பெயர் என்று ஒருத்திக்கு மட்டும் தெரியும். அவள் தலை நிமிராமல் கடைசிவரை வாசித்து முடித்தாள். குற்றம் தன்னுடையது என்று தெரிந்தபின் அம்மாவின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. செல்லோவைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விட்டாள்.

மண்டபம் காலியானது. டொமிகோ முரசுக்கு உறை போடப்போனவள் நின்று, விளிம்பில் இரண்டு தட்டு தட்டினாள். கொஞ்ச நேரம் பின்வாசலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உறையைப் போட்டாள்.