இரண்டாவது தடவை கேட்பார்கள் என்று

எங்கள் வீட்டில் யார் எதைக் கொடுத்தாலும் முதல் வாய்க்கு வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டாவது தடவை கேட்டால் 'பரவாயில்லைங்க' என்று இழுக்க வேண்டும். மூன்றாவது தடவை வற்புறுத்தினால், போனால் போகிறது என்பதுபோல வாங்கிக்கொள்ளலாம். பசியில் குடல் சுருண்டாலும் இதுதான் சட்டம். கேட்டவுடன் தலையாட்டுகிற பிள்ளைக்கு 'பரக்காவெட்டி' என்று பெயர். சின்ன வயதில் அத்தை வீட்டில் ஒரு முறுக்குக்கு உடனே கை நீட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா தொடையில் கிள்ளினாள் பாருங்கள், கன்றிப்போய்விட்டது. ஒரே ஒரு முறுக்கு! அதற்குப் பிறகு நான் எதற்கும் முதல் வாய்க்குச் சரி சொன்னதில்லை.

அப்பா திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி வைத்திருந்தார். நிலக்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மண்டியிலும் இதே சட்டம்தான். பிரம்மதேசத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்த விவசாயி, அப்பா சொல்கிற முதல் விலைக்கு 'கட்டாதுங்க' என்பார். அப்பா எழுந்து போய் வெற்றிலை போட்டுக்கொண்டு வருவார். விவசாயியும் இடத்தை விட்டு நகர மாட்டார். கோணியின் வாய் திறந்தே கிடக்கும். அது திறந்து கிடக்கிற வரை பேச்சு இருக்கிறது என்று அர்த்தம். நிஜமாகவே வேண்டாம் என்றால் அவர் பேசவே மாட்டார். கோணி ஊசியை வாங்கிச் சணலைக் கோத்து, கோணியின் வாயைத் தைத்துவிடுவார். தைத்த கோணிக்கு மறுபடி விலை கேட்கிற வழக்கம் எங்கள் மண்டியில் கிடையாது.

நான் படித்தது விழுப்புரத்தில். காலை பாசஞ்சரில் போய்ச் சாயங்காலம் திரும்புவேன். எம்.காம். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். பையன்கள் என்னிடம் பேச மாட்டார்கள். பேசினால் ஊர் பேசும். ஆகவே ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து, மயிலம், விக்கிரவாண்டி என்று போகிற ஸ்டேஷன்களைப் பார்த்தபடி பாடத்தை முணுமுணுத்துக்கொண்டு போவேன். ஒருவர் 'தருகிறேன், வாங்கிக்கொள்கிறாயா?' என்று கேட்பதற்கு ஒப்பந்தச் சட்டத்தில் முனைவு என்று பெயர். அந்த முனைவை மறுத்தால் அது அக்கணமே முடிந்துவிடுகிறது. வரிக்கு வரி மனப்பாடம். பரீட்சையில் எழுதி நல்ல மார்க்கும் வாங்கினேன். பாழாய்ப் போன மார்க்.

எண்பதுகளின் நடுவில், மெட்ராஸில் இருந்த ஒரு வணிகர் சங்கம் காமர்ஸ் மாணவர்களைச் சிங்கப்பூருக்கு அழைத்துப் போய் வெளிநாட்டு வியாபாரம் எப்படி நடக்கிறது என்று காட்டுவதாக அறிவித்தது. செலவு அவர்களுடையது. எங்கள் கல்லூரிக்குக் கிடைத்த ஓர் இடம் எனக்கு விழுந்தது. அப்பாவிடம் அனுமதி கேட்கப் புரொபசரே வீட்டுக்கு வந்தார்.

"பொம்பளப் புள்ளய கடல் தாண்டி அனுப்பறதுங்களா? வேணாங்க" என்றார் அப்பா.

புரொபசரும் எங்கள் பக்கம்தான், கோலியனூர்க்காரர், விஷயம் தெரிந்தவர். காபியை ஒரு வாய் குடித்துவிட்டு மறுபடி கேட்டார். "இல்லீங்க, அது சரிப்பட்டு வராதுங்க" என்றார் அப்பா. புரொபசர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மூன்றாவது தடவை கேட்டார். "நீங்க இவ்ளோ தூரம் சொல்றப்ப நான் இன்னா சொல்றது" என்று அப்பா ஒத்துக்கொண்டார். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த எனக்கு முதல் 'வேணாங்க'விலேயே தெரியும், இது கூடிவரும் என்று.

"போய்ட்டு வந்ததும் ஜல்தியா கல்யாணத்த முடிச்சிடணும். செஞ்சிப் பக்கம் ஒரு இடம் சொல்லிக்கினு இருக்காங்க" என்றாள் அம்மா.

எனக்கு வேறு கணக்கு. அங்கே எண்ணெய் வித்து வாங்கி விற்கிற கம்பெனி ஒன்று, எங்கள் குழுவிலிருந்து ஒருவரை ஒரு வருஷப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும் என்று சங்கத்தார் சொல்லியிருந்தார்கள். அந்த ஒருவர் நானாக இருக்க வேண்டும். செஞ்சிப் பக்கத்து இடத்துக்குக் கழுத்தை நீட்டினால் எம்.காம். சர்டிபிகேட்டைப் பீரோவில் வைத்துப் பூச்சி உருண்டை போட வேண்டியதுதான். அந்த ஒரு வருஷத்தைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

குழுவில் மற்றவர்கள் எல்லோரும் மெட்ராஸ் பிள்ளைகள். இங்கிலீஷிலேயே சிரிப்பார்கள். என்னைத் தவிர இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஓர் அறையில் அவர்கள், அடுத்த அறையில் நான் தனியாக. கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். நான் வந்தால் பேச்சை நிறுத்திவிட்டுப் புன்னகை செய்வார்கள், அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

போதாக்குறைக்கு நாங்கள் சமணர். பொழுது சாய்ந்தால் வாயில் ஒரு பருக்கை வைக்க மாட்டோம். அங்கேயோ பொழுது சாய்ந்த பிறகுதான் எல்லோரும் கூடி உட்கார்ந்து சாப்பிடவே ஆரம்பிப்பார்கள். அதனால் சாயங்காலம் அவர்கள் குளித்துப் பவுடர் பூசிக்கொண்டிருக்கும்போது, நான் அறையில் கட்டில்மேல் பேப்பரை விரித்து, ரொட்டியும் வாழைப்பழமும் அம்மா வறுத்துக் கொடுத்த மல்லாட்டையும் தின்பேன். மல்லாட்டை உடைபடுகிற சத்தம்தான் அந்த அறையில் சத்தம். பிறகு எதிர்க் கட்டடங்களில் வரிசையாக விளக்குகள் எரிய ஆரம்பிக்கும். அத்தனை ஜன்னல்களில் ஒன்றில்கூட எனக்குத் தெரிந்த மனுஷர் கிடையாது. அழுதேன், மறைப்பானேன். தோலைப் பேப்பரில் மடித்துக் கூடையில் போட்டுவிட்டு முகம் கழுவிக்கொள்வேன்.

பகலில் நன்றாக இருக்கும். ஒரு லாரிச் சரக்கை அப்படியே இரும்புப் பெட்டியில் பூட்டிக் கப்பலில் ஏற்றுவதைத் துறைமுகத்தில் பார்த்தோம். மூட்டை தூக்குகிறவர் ஒருவரையும் காணோம். கடைசி நாளன்று, பயிற்சிக்கு ஆள் எடுக்கிற அந்தக் கம்பெனிக்குப் போனோம். மேனேஜர் ஒரு சீன அம்மாள். குட்டை முடி, கையில் ஆம்பிளைக் கடிகாரம். டெலக்ஸ் மெஷின் கடகடவென்று அடித்து ஒரு தாளைத் துப்பியது. எங்கோ ஒரு தேசத்திலிருந்து ஒருவர், இந்தச் சரக்கு, இந்த விலை, இன்று சாயங்காலம் வரைக்கும் என்று கேட்டிருந்தார்.

"சாயங்காலத்துக்கு அப்புறம்?" என்று ஒரு பையன் கேட்டான்.

"அப்புறம் என்று ஒன்று இல்லை" என்றார் அந்த அம்மாள்.

எல்லோரும் எழுதிக்கொண்டோம். நானும் எழுதிக்கொண்டேன். எழுதி என்ன?

மேசைமேல் தட்டுகளில் தோலோடு மல்லாட்டை வைத்திருந்தார்கள். என் கை சும்மா இருக்குமா? ஒரு காயை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தேன். உள்ளே பருப்பு ஆடவில்லை. "இது சரியாகக் காயவில்லை மேடம், அடுக்கி வைத்தால் பூசணம் பிடிக்கும்" என்றேன். அந்த அம்மாள் இன்னொரு தட்டை நீட்டினார். அதையும் ஆட்டிப் பார்த்து, இது நல்ல சரக்கு என்றேன். எந்த ஊர் என்று கேட்டார். திண்டிவனம் என்பதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்து, வராமல் சிரித்துவிட்டார். மெட்ராஸ் பிள்ளைகள் அன்றைக்குத்தான் என்னை முதன்முதலாக நிமிர்ந்து பார்த்தார்கள்.

அன்று சாயங்காலமே அந்தக் கம்பெனி விருந்து வைத்தது. பொழுது சாய்ந்துவிட்டதால் என் முன்னால் தண்ணீர் மட்டும். அந்த அம்மாள் தன் நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார். "எங்களிடம் ஒரு வருஷப் பயிற்சி இருக்கிறது. தங்க இடமும் தருவோம். நீ வருகிறாயா?"

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்து நிற்கிறது. நான் என்ன செய்தேன்? தலையைக் குனிந்துகொண்டேன். சிரித்தேன். "வேண்டாம் மேடம், பரவாயில்லை. உங்களுக்கு எதற்குச் சிரமம்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை, அது தானாக வந்தது.

அந்த அம்மாள் தலையசைத்தார். நேராகச் சொன்னதற்கு நன்றி என்றார். நேராகவாம்! அந்தப் பக்கம் திரும்பி ஒரு பையனைக் கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் அவன் சரி என்றான். பரக்காவெட்டி என்று மனசுக்குள் திட்டினேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை பாருங்கள். அவனைச் சும்மா பேச்சுக்குக் கேட்கிறார், என்னிடம்தான் திரும்பி வருவார் என்று உட்கார்ந்திருந்தேன். ஐஸ்கிரீம் வந்தது, அவர் வரவில்லை. வாசலில் எல்லோருக்கும் கை கொடுத்தார். என் கையைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்திருந்தார். இதோ கேட்கப் போகிறார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "நன்றாகப் படி" என்றார். விமானத்தில் பெல்ட்டைக் கட்டும்போதுதான், இனி யாரும் கேட்கப் போவதில்லை என்று புரிந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. பக்கத்து சீட்டில் அந்தப் பையன் தூங்கிக்கொண்டு வந்தான்.

திண்டிவனத்தில் ஒரு வாரத்துக்கு வீட்டில் கூட்டம். "அங்க மழ பேயுமா?" "ரோடு கண்ணாடி மாதிரி இருக்குமாமே?" "டேப் ரிக்கார்டர் வாங்கிக்கினு வரலியா?" சென்ட் சோப்பை நீட்டினால், வேண்டாம் வேண்டாம் என்று முறைப்படி சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். என்ன கற்றுக்கொண்டாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. நடந்ததை நெஞ்சில் வைத்துக்கொண்டு பைத்தியம் மாதிரி அலைந்தேன். கடைசியில் ஒருநாள் மண்டியில் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். ஒரு காயை உடைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்தினார்.

"வேணாம்னு சொன்னியா?"

"ஒரு தபா சொன்னேன்பா."

"மறுபடி கேக்கல?"

"கேக்கல."

"இன்னா அநியாயம்மா இது! கோணிய தெச்சியா நீ?"

"இல்லப்பா. தொறந்துதான் வெச்சிருந்தேன்."

"பின்ன எப்படி எழுந்து போனாங்க?"

உண்மையாகவே கோபப்பட்டார். அந்த அம்மாளுக்கு வியாபாரம் தெரியவில்லை என்பது அவர் தீர்ப்பு. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "ஒரு வருஷம் இருந்துட்டு வர்றேன்னு நான் கேட்டிருந்தா அனுப்பியிருப்பீங்களாப்பா?" என்றேன். "மொதல்ல வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார்.

அடுத்த மாசமே செஞ்சிப் பக்கத்து இடம் பெண் பார்க்க வந்தது. அவர்களும் எங்களவர்கள்தான்; பொழுது சாய்வதற்குள் டிபன் முடிய வேண்டும் என்று மத்தியானமே காரில் வந்து இறங்கினார்கள். கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் செய்திருந்தோம். மாப்பிள்ளை நல்லவர்தான் போல. தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேலை, மேல்படிப்பு என்ற பேச்செல்லாம் கூடாது என்று அவருடைய அம்மா முதலிலேயே சொல்லியாகிவிட்டது. அவருடைய பெரியம்மா பெரிய மனசு பண்ணி என்னையே கேட்டார்.

"இன்னாம்மா, எங்க வூட்டுக்கு வர்றியா?"

"வேணாங்க" என்றேன்.

கூடமே சிரித்தது. "வெக்கத்த பாரு!" என்றார் பெரியம்மா. அம்மாவின் முகம் பூரித்துவிட்டது. சிங்கப்பூர் போய் வந்தும் பெண் கெட்டுப்போகவில்லை என்று பெருமை.

"சும்மா சொல்லும்மா. புடிச்சிருக்கில்ல?"

"இல்லீங்க. எனக்கு வேணாங்க."

இன்னும் பெரிய சிரிப்பு. "ரெண்டு தபா ஆச்சு, அடுத்த தபா ஒத்துக்கும், கேளு" என்று மாப்பிள்ளையின் மாமா பஜ்ஜியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அங்கே ஆசையை வைத்துக்கொண்டு வேண்டாம் என்றேன், நம்பிவிட்டார்கள். இங்கே வேண்டாம் என்றே வேண்டாம் என்கிறேன், நம்ப நாதியில்லை. கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். சிங்கப்பூர் அறையில்கூட நான் அவ்வளவு தனியாக இருந்ததில்லை.

மூன்றாவது தடவை கேட்பதற்குப் பெரியம்மா வாயெடுத்தார். நான் அவரைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தேன்.

"அப்பா, கோணிய தெச்சிட்டேன்பா."

"இன்னாது? இன்னா கோணி?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. காபி டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வந்தவர்களைப் பார்த்துக் கை கூப்பினார்.

"மன்னிச்சிக்கங்க. பொண்ணு வேணாங்குது. வுட்டுடுங்க."

அவர்கள் போனபோது வெயில் இன்னும் இருந்தது. "ஊரே சிரிக்கும். இனிமே எவன் வருவான்?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவள் வாக்குப் பலித்தது, எவனும் வரவில்லை. பிற்பாடு நான் விழுப்புரத்தில் வெளிநாட்டு வணிகம் சொல்லிக் கொடுக்கிற வேலைக்குப் போனேன், அங்கேயே ஒரு மாடி அறையில் தனியாக இருந்தும் பழகிவிட்டேன். முனைவு பாடம் வந்தால் மட்டும் கொஞ்சம் வேகமாக நடத்திவிடுவேன்.

பெண் பார்க்க வந்தவர்கள் போன அந்தச் சாயங்காலம்தான் மறக்கவில்லை. காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. உள் அறையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தேன். கேசரியின் நெய் வாசனை அங்கே வரைக்கும் வந்தது. மற்ற நாளாக இருந்தால் அம்மா சாப்பிடக் கூப்பிடுவாள், நான் பசிக்கவில்லை என்பேன், மறுபடி கூப்பிடுவாள், மூன்றாவது தடவை தட்டோடு வந்து நிற்பாள். அன்று யாரும் வரவில்லை. அப்பா மண்டிக்குப் போய்விட்டார். அம்மா கூடத்திலேயே படுத்துவிட்டாள். ஜன்னலில் வெயில் மஞ்சளாகி, மெல்ல மேலே ஏறி, போய்விட்டது. அதற்குமேல் சாப்பிட முடியாது. அதற்கு முன்னால் யாராவது ஒருத்தர் வந்து சாப்பிடுகிறாயா என்று கேட்டிருந்தால், முதல் வாய்க்கே சரி என்றிருப்பேன்.