மயிலம்மாள் பார்த்த முத்துப்பிள்ளை

புத்தூர் பயாப்ஸி லேபில் இருபது வருடமாகச் சதை சீவுகிறவர் மயிலம்மாள். மெழுகில் பதித்த சதைத் துணுக்கைத் தலைமுடியைவிட மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஏற்றுகிற வேலை. மனசில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவார். அதற்காக வாங்கிய திட்டும் கொஞ்சநஞ்சமில்லை.

அன்று தென்னூர் அனுசுயாவின் கலைந்த கரு வந்தது. சாதாரணக் கருச்சிதைவு என்று சீட்டில் இருந்தது. ஸ்லைடைப் பார்த்த டாக்டர் யதிராஜனும் அதையே எழுதப் பேனாவைத் திறந்துவிட்டார். மயிலம்மாளுக்குத்தான் மனசு கேட்கவில்லை. சீவுவதற்கு முன் அந்தச் சதையில் ஜவ்வரிசி மாதிரி இரண்டு மூன்று கொப்புளங்களைப் பார்த்திருந்தார்.

“சார், கையெழுத்துப் போடாதீங்க. அந்தப் பழுப்புச் சாயத்தைப் போட்டுப் பாத்துடுவோம்.”

“உங்களுக்கு எதுலதான் சந்தேகம் இல்ல?”

“ஒண்ணும் இல்லேன்னா நாளைக்குச் சேத்துத் திட்டுங்க.”

நஞ்சுக்கொடியில் ஒரு மரபணு உண்டு. அம்மாவிடமிருந்து வந்த பிரதிதான் அதில் வேலை செய்யும். அப்பாவிடமிருந்து வந்ததை முத்திரை வைத்து வாயடைத்திருக்கும் இயற்கை. அம்மாவின் பிரதி வேலை செய்கிற இடத்தில்தான் சாயம் பழுப்பாகப் பிடிக்கும். மறுநாள் ஸ்லைடில், கருப்பையிலிருந்து சேர்ந்து வந்திருந்த அனுசுயாவின் சொந்தச் செல்கள் பழுப்பாக இருந்தன. கருவின் நஞ்சுக்கொடியில் வேர்போல இறங்கும் விழுதுகள் வெளிறிக் கிடந்தன. அப்பாவின் மரபணுக்களை மட்டும் வைத்துக்கொண்டு வளர்ந்த முத்துப்பிள்ளை அது; பிள்ளையாகாமல் முத்து முத்தாகக் கொப்புளம் மட்டும் கட்டுகிற பொய்க்கரு. மிச்சம் தங்கினால் புற்றாகக்கூட மாறலாம். வாராவாரம் ரத்தம் பார்த்தே ஆக வேண்டும்.

அனுசுயா போனை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் முகவரி வாங்கிக்கொண்டு மயிலம்மாளே தென்னூருக்குப் போய்விட்டார். அனுசுயா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுத்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்தாள்.

“என் உடம்புலதான் குத்தமாக்கா?”

“அதுல உங்க பங்கே இல்லம்மா. குத்தம் மட்டும் எப்படி உங்களுது ஆகும்? கிளம்புங்க, ரத்தம் பாக்கணும்.”

ரத்தத்தில் வாராவாரம் இறங்கிக்கொண்டிருந்த கர்ப்ப ஹார்மோன் எண் நாலாம் வாரம் ஏறியது. மயிலம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. ஊசி போட்டார்கள். எண் மறுபடி இறங்கி, ஒரு வெள்ளிக்கிழமை சரியான அளவுக்கு வந்து அங்கேயே நின்றது. அன்று லேப் முழுக்க அவர் வாங்கிவந்த மைசூர்பாகுதான்.

இரண்டு வருடம் கழித்து அனுசுயாவுக்கு மகள் பிறந்தாள். எதற்கும் பார்த்துவிடலாம் என்று நஞ்சுக்கொடியைப் புத்தூருக்கு அனுப்பினார்கள். மயிலம்மாளே சீவினார், சாயமும் போட்டார். யதிராஜன் பேனாவை மூடி வைத்துவிட்டு மைக்ராஸ்கோப்பை அவர் பக்கம் நகர்த்தினார்.

“முதல்ல நீங்க பாத்துச் சொல்லுங்க.”

குனிந்தார். விழுதுக்கு விழுது பழுப்பு.

“அம்மா இருக்காங்க சார். இப்பப் போடுங்க கையெழுத்து.”