இருபது நிமிடம் முந்திய ரெக்கார்டர்

நான் தனியாகப் போய் மாட்டிய முதல் ரெக்கார்டர் ஆலங்குடிக்குப் பக்கத்தில் ஒரு முந்திரி கம்பெனியில் இருக்கிறது. இன்றும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு வருடம் புதுக்கோட்டையில் ஒரு கேமரா கடையில் உதவியாளாக இருந்தேன். ஏணி பிடிப்பேன், கேபிள் இழுப்பேன், கேபிள் முனையில் பிளக் அடிப்பேன். பெட்டியைத் திறந்து மாட்டி, அதற்கு உயிர் கொடுக்கிற வேலை மட்டும் வேறு ஒருவருடையது. அவர் திருப்பூருக்கு வேலை மாறிப் போன வாரத்தில், கடை நடத்தும் சார் என்னைக் கூப்பிட்டு, முந்திரி கம்பெனி வேலையை நீயே முடித்துவிட்டு வா என்றார். ஒரு பெண்ணைத் தனியாக அனுப்புகிறோமே என்று அவர் யோசித்ததாகவே தெரியவில்லை. அதற்காக அவருக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை. சொன்னால் கூச்சப்படுவார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா தென்னை ஏறுகிறவர். பாலிடெக்னிக்கில் என்னைச் சேர்த்த அன்று விண்ணப்பத்தில் கைநாட்டு வைத்துவிட்டு, மை படிந்த விரலைத் துடைக்காமல், பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் அதைத் தனியாக நீட்டிப் பிடித்துக்கொண்டே வந்தார். அம்மாவுக்கு என் வேலையை விளக்கப் பல முறை முயன்றேன். இப்போது அவளே ஒரு விளக்கம் வைத்திருக்கிறாள். "செவுத்துல பொட்டி மாட்டுற வேலை" என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறாள். பெருமையாகத்தான் சொல்கிறாள்.

முந்திரி கம்பெனியில் பதினாறு கேமராக்கள். அவை பார்ப்பதையெல்லாம் வாங்கிச் சேர்த்து வைக்கிற பெட்டிதான் ரெக்கார்டர். சுவரில் ஓர் இரும்பு ரேக்கை அடித்து, அதற்குள் ரெக்கார்டரையும் மற்றச் சாமான்களையும் அடுக்க வேண்டும். கம்பெனி முதலாளி பத்து வருடம் சிங்கப்பூரில் இருந்து திரும்பியவர். ரேக்கைப் பருப்பு அறைக்குள் வைக்கச் சொன்னார். அங்கேதான் உடைத்துச் சுத்தம் செய்த பருப்பை டின்களில் அடைத்துப் பூட்டி வைப்பார்கள். பெட்டிக்கும் அதுதான் பத்திரம் என்பது அவர் கணக்கு. முந்திரித் தோலின் தூசி பெட்டியின் காற்றாடியை ஆறு மாதத்தில் அடைத்துவிடும், ஆபீஸ் அறைதான் சரி என்றேன். கொஞ்ச நேரம் வாதாடிப் பார்த்துவிட்டு, "படிச்ச புள்ள சொல்லுது, கேட்டுக்குவோம்" என்று ஒத்துக்கொண்டார். அந்த ஒரு வார்த்தையில் நான் ஏணி இல்லாமலே உயரமாகிவிட்டேன்.

ஏணி பிடிக்க ஒரு அக்காவை அனுப்பினார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பருப்பு அறையின் சாவி அவரிடம்தான் இருக்கும். காலையில் திறப்பதும் சாயங்காலம் பூட்டுவதும் அவர் பொறுப்பு. ரேக்கின் சதுர ஓட்டைகளில் கேஜ் நட் என்று ஒன்றை நெரித்து உட்கார வைக்க வேண்டும். அது என் கட்டைவிரலைக் கிழித்துவிட்டது. அக்கா தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெய் பட்டுப் பட்டுத் தோல் கருத்து உரிந்திருந்தது.

"இந்தக் கைய வச்சுக்கிட்டு நான் சோறு பெசஞ்சு திங்கிறேன். நீ ஒரு சொட்டு ரத்தத்துக்கு மொகத்தச் சுளிக்கிற."

அதற்குப் பிறகு நான் சுளிக்கவில்லை. ரெக்கார்டரின் மேல்மூடியைக் கழற்றி இரண்டு ஹார்டு டிஸ்க்குகளைத் திருகி வைத்தேன். ரேக்கில் ஏற்றி, காற்று போக மேலே ஒரு தட்டு இடம் விட்டேன். பின்பக்கம் இருட்டாக இருந்ததால், என் போனில் டார்ச்சைப் போட்டு அக்கா கையில் கொடுத்திருந்தேன். அவர் ரேக்குக்குப் பின்னால் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டே ஒவ்வொரு விளக்கும் எதற்கு என்று விசாரித்தார். பச்சை எரிந்தால் ஒரு கேமரா உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம், மொத்தம் பதினாறு எரிய வேண்டும் என்றேன். "அப்ப இது பதினாறு பெத்த மகராசின்னு சொல்லு" என்றார்.

கரண்ட் கொடுத்தேன். டிஸ்க்குகளை ஃபார்மெட் செய்தேன். பாஸ்வேர்டை முதலாளியையே அடிக்கச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அடுத்தது தேதியும் நேரமும். இன்டர்நெட் இருந்தால் பெட்டி தானே நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். ஆனால் நெட் இணைப்பு அடுத்த வாரம்தான் வரும் என்றார்கள். என் போன் அக்காவின் கையில் இருந்தது. எதிர்ச்சுவரில் தட்டு அகலத்துக்கு ஒரு கடிகாரம் தொங்கியது. நிமிர்ந்து பார்த்தேன். அது காட்டியதை அப்படியே போட்டேன்.

திரையில் பதினாறு கட்டங்களும் வந்தபோது, கொட்டை உடைக்கிற பெண்கள் பாதிப் பேர் வாசலில் வந்து நின்றார்கள். "ஏண்டி, நீ இம்புட்டு குண்டா?" என்று ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்டாள். முதலாளி ரேக்கின் கண்ணாடிக் கதவில் சந்தனம் குங்குமம் வைத்தார். நான் பஸ் ஏறியபோது சட்டையெல்லாம் சுவர்த்தூளாக இருந்தது. அதைத் தட்ட மனமில்லாமல் அப்படியே வீட்டுக்குப் போனேன்.

ஐந்தாறு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை அந்த முதலாளி எனக்கு போன் செய்தார்.

"ஒன் மெசினு திருடியப் புடிச்சுக் குடுத்திருச்சும்மா. வந்து அத பென் டிரைவுல ஏத்திக் குடு. அந்தம்மா ஊருலேருந்து நாலு பேரு வந்து கேட்டா, நான் காட்டணும்ல."

பஸ்ஸில் போகும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இறங்கி கேட் அருகே வந்தால், வெளியே மதில் ஓரத்தில் சாப்பாட்டுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு ஏணி பிடித்த அக்கா உட்கார்ந்திருந்தார். முந்தைய நாளே அவரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லி, சாவியை வாங்கிவிட்டார்கள். திருடி என்று பெயர் வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார முடியாது என்று, வழக்கமான நேரத்துக்குப் புறப்பட்டு வந்து வெளியே உட்கார்ந்துவிட்டார்.

"நான் அஞ்சு இருவது பஸ்ஸுலதான் ஏறுனேன், ஆத்தா. நீயாச்சும் நம்பு."

நான் நம்பவில்லை. மெஷின் காட்டுவதை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆனாலும் மெஷின் பக்கம்தான் இருந்தேன். பார்க்கிறேன்க்கா என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போனேன். இதை எழுதும்போது இந்த இடம்தான் கூச்சமாக இருக்கிறது.

நடந்தது இதுதான். திங்கட்கிழமை காலையில் பருப்பு அறையைத் திறந்தபோது ஒரு டின் குறைந்தது. பூட்டு பூட்டியபடி இருந்தது. சனிக்கிழமை கடைசியாகப் பூட்டியவர் அக்கா. எத்தனை மணிக்குப் போனாய் என்று முதலாளி கேட்டிருக்கிறார். அக்கா கடிகாரம் பார்க்கிறவர் இல்லை, பஸ்ஸைச் சொன்னார். அது பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ், ஐந்து இருபதுக்குக் கம்பெனி வாசலைத் தாண்டும். முதலாளி ரெக்கார்டரைப் பின்னோக்கி ஓட்டினார். ஐந்து முப்பத்தைந்துக்கு அக்கா பருப்பு அறை வாசலில் நிற்கிறார். பஸ்ஸில் போனதாகச் சொன்ன நேரத்துக்குப் பிறகு கால் மணி நேரம் இங்கே என்ன வேலை? பொய் சொல்கிறவள்தான் எடுத்திருப்பாள். அவர் முடித்துவிட்டார்.

நான் உட்கார்ந்து அந்தக் காட்சியை எடுத்தேன். பென் டிரைவைச் செருகிவிட்டு, எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று போனில் மணி பார்த்தேன். பத்து நாற்பது. திரையின் மூலையில் ரெக்கார்டர் பதினொன்று என்றது. எதிர்ச்சுவரைப் பார்த்தேன். அந்தக் கடிகாரமும் பதினொன்று என்றது.

அது ஏன் இப்படி இருக்கிறது என்று முதலாளியிடம் கேட்டேன். பொம்பளைங்க நேரத்துக்கு வர வேண்டும் என்று கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்தே இருபது நிமிடம் கூட்டி வைத்திருப்பதாகச் சாதாரணமாகச் சொன்னார். அங்கே வேலை பார்க்கும் எல்லோருக்கும் அது தெரியும். என்னிடம் யாரும் சொல்லவில்லை, நான் யாரையும் கேட்கவில்லை. சுவரைப் பார்க்கும்போதெல்லாம் தானாக இருபதைக் கழித்துக்கொள்கிற முதலாளி, திரையில் எண்ணைப் பார்த்தபோது கழிக்கவில்லை. மெஷின் எண் சரியான எண் என்று நினைத்துவிட்டார். என்னைப் போலவே.

வெளியே வந்து சாருக்கு போன் செய்தேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, நேரத்தை மாற்றிவிட்டுப் பேசாமல் வா, கஸ்டமரிடம் எதுவும் சொல்ல வேண்டாம் என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கடை அவருடையது. எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது.

முதலில் டின்னைத் தேடுவோம் என்று உள்ளே போனேன். முதலாளி சனிக்கிழமை சாயங்காலத்தோடு நிறுத்தியிருந்தார். ஞாயிறு விடுமுறை, யார் வரப்போகிறார்கள் என்று விட்டுவிட்டார். நான் பருப்பு அறைக் கேமராவை அதற்கு மேல் வேகமாக ஓட்டினேன். ஞாயிறு காலையில் முதலாளியின் மச்சான் வந்தார். வீட்டில் இருக்கும் இன்னொரு சாவியால் திறந்து, ஒரு டின்னைத் தோளில் வைத்துக்கொண்டு, பூட்டிவிட்டுப் போனார்.

முதலாளி அங்கேயே மச்சானுக்கு போன் போட்டார். கோயில் பொங்கலுக்கும் பாயசத்துக்கும் கேட்டார்கள், எடுத்தேன், அக்காவிடம் அன்றே சொன்னேனே என்றார் அவர். அவர் அக்கா என்றது முதலாளியின் மனைவியை. மனைவி சொல்ல மறந்திருந்தார். முதலாளி போனை வைத்துவிட்டு நெற்றியைத் தடவிக்கொண்டார். பிறகு கேட்டுக்கு ஆள் அனுப்பி அக்காவை உள்ளே வரச் சொன்னார். எப்போதும் அவரை நீ, வா, போ என்று பேசுகிறவர், அன்று எழுந்து நின்று, நீங்க போட்டுப் பேசினார்.

"டின்னு கெடச்சிருச்சு. மச்சான்தான் எடுத்திருக்காப்ல. நீங்க போயி வேலையப் பாருங்க."

அக்கா நகரவில்லை.

"டின்னு கெடச்சது சந்தோசம் மொதலாளி. நான் பொய் சொன்னேன்னு நாப்பது பேரு முன்னாடி சொன்னீங்களே, அது என்னாச்சு? அஞ்சு இருவது பஸ்ஸுல நான் ஏறுனனா, ஏறலையா?"

முதலாளி என்னைப் பார்த்தார். பதில் என்னிடம் இருந்தது. பேசாமல் வா என்ற சாரின் குரலும் இருந்தது. தனியாக அனுப்பிய முதல் வேலையிலேயே தவறு என்று தெரிந்தால் என்னை மறுபடி ஏணி பிடிக்க விட்டுவிடுவார்கள். அப்பாவிடம் என்ன சொல்வது என்றுகூட ஒரு கணம் யோசித்தேன்.

"ஏறுனீங்கக்கா. தப்பு என்னோடது. நான்தான் மெஷினுக்கு மணி தப்பா வச்சேன். இந்தக் கடிகாரத்தப் பாத்து வச்சேன். நீங்க பூட்டுனது அஞ்சே காலுக்கு."

"இத இங்க சொன்னா பத்தாது" என்றார் அக்கா. "அங்கிட்டு வந்து சொல்லு."

கொட்டை உடைக்கும் கொட்டகைக்கு அழைத்துப் போனார். தட்டுகிற சத்தம் வரிசை வரிசையாக நின்றது. நான் மறுபடி சொன்னேன். நான் முடித்ததும் முதலாளி பின்னாலிருந்து, "எம் மேலயும் தப்புதான். விசாரிக்காமப் பேசிப்புட்டேன்" என்றார். யாரோ ஒருத்தி, "மெசினுக்கு மூணு நாளு லீவு குடுங்க மொதலாளி" என்றாள். அங்கங்கே சிரித்தார்கள். முதலாளி என்னிடம், இனி இந்த வேலைக்கு உங்கள் கடையில் விவரமான ஆள் யாராவது இருந்தால் அனுப்பச் சொல் என்றார். அதில் நியாயம் இருந்தது. தலையாட்டினேன்.

"இந்தப் புள்ளையே வரட்டும்" என்றார் அக்கா. "தப்புன்னா தப்புன்னு சொல்லுதுல்ல. வேற எவனும் சொல்லியிருப்பானா?"

அந்த அக்கா என் மேல் கோபப்பட எல்லா உரிமையும் உள்ளவர். நான் வைத்த இருபது நிமிடத்தால் திருடி என்று பெயர் வாங்கி, கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர். இன்றைக்கு நான் தனியாகப் போய்வருகிற ஒவ்வொரு வேலையும் அவர் அன்று கொடுத்தது என்றுதான் நினைக்கிறேன். சார் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் அறந்தாங்கியில் ஒரு மருத்துவமனை வேலைக்கான தாள்களை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

அன்று கொட்டகையிலிருந்து ஆபீஸ் அறைக்குத் திரும்பி ரெக்கார்டரின் நேரத்தைச் சரிசெய்து, வந்து பல வாரமாகியும் யாரும் இணைக்காமல் விட்டிருந்த நெட்டோடு இணைத்தேன். அக்கா கூடவே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தான் பூட்டியதைத் தனக்குக் காட்டச் சொன்னார். ஓட்டினேன். திரையில் அவர் கதவைச் சாத்தினார், பூட்டினார், பூட்டை இழுத்துப் பார்த்தார். நாலடி நடந்துவிட்டுத் திரும்பி வந்து இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார். அப்புறம் பஸ்ஸுக்கு ஓடினார். தான் இப்படி ஓடுவது அவருக்கே தெரியாது போல, வாயைப் பொத்திக்கொண்டார்.

"இன்னொருக்காப் போடு. மொதலாளி, இங்கிட்டு வாங்க, நீங்களும் பாருங்க."

முதலாளி வந்து அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். மறுபடி ஓட்டினேன். கடைசி வரை பார்த்தார்.

"ரெண்டு தடவ இழுத்துப் பாக்குறீங்க" என்றார்.

"என்னைக்கும் ரெண்டு தடவதான்."

முதலாளி சட்டைப் பையிலிருந்து பருப்பு அறைச் சாவியை எடுத்து அக்காவிடம் நீட்டினார். அக்கா அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு கொட்டகைக்குப் போனார்.