ஸ்டெல்லா மேடமும் ஒரு பாட்டில் சொட்டு நீலமும்

ஸ்டெல்லா மேடம் போய்விட்டார். காலையில் அவர் தம்பி போன் பண்ணிச் சொன்னார். தூக்கத்திலேயே உயிர் பிரிந்துவிட்டதாம்.

போனை வைத்ததும் வாய்க்கால்தான் ஞாபகம் வந்தது...

எண்பதுகளின் தொடக்கம். திருச்சியில் ஓர் அலுவலகத்தில் நான் கிளார்க், அவர் டைப்பிஸ்ட். குடியிருந்ததும் ஒரே தெரு. எங்கள் வரிசை வீடுகளுக்கெல்லாம் கொல்லைப்புறத்தில், காவிரியிலிருந்து பிரிந்து வரும் உய்யக்கொண்டான் வாய்க்கால். இறங்க ஒரு படித்துறையும் உண்டு.

பெயர்தான் வாய்க்கால். ஆகாயத்தாமரை, கோழி இறகு, நாற்றம். சாப்பிட உட்கார்ந்தால் கொல்லைக் கதவைச் சாத்திவிடுவோம்.

ஒவ்வொரு ஆடிப்பெருக்குக்கும் என் மனைவி கோமதி புலம்புவாள். "வீட்டுக்குப் பின்னாடியே தண்ணி ஓடுது. நான் என்னடான்னா சத்திரம் பஸ் ஸ்டாண்டு போயி பஸ் மாறி, ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துல இடிபட்டுக் கும்பிட்டு வரேன்."

ஒரு வருடம் மேடம் காதிலேயே இது விழுந்தது. "அடுத்த ஆடிக்கு நம்ம படித்துறையிலயே கும்பிடுங்க கோமதி. நானாச்சு" என்றார்.

தினமும் சர்ச்சில் முதல் பூசைக்குப் போகிற மனுஷி. ஆடிப்பெருக்குக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்.

முதலில் நகராட்சிக்கு மனு. மதிய இடைவேளையில் நாலு கார்பன் வைத்து அடிப்பார். ஒரு எழுத்து தப்பினாலும் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து. மனு போனது... போய்க்கொண்டே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக வாய்க்காலுக்கு வந்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தம்பியின் பழைய கேன்வாஸ் ஷூவோடு சேற்றில் இறங்கி, ஆகாயத்தாமரையை இழுத்துக் கரையில் போட ஆரம்பித்தார். தனியாக.

பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. நானும் இறங்கினேன். ஒரு மாதத்தில் பதினைந்து பேர் சேர்ந்தோம்.

தலைவர் யார் என்கிறீர்கள்? நான்தான். யாரும் கேட்காமலே. குப்பை போடாதே, எச்சில் இலை எறியாதே என்று தெருவையே அதட்டிக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் வரிசைப் பக்கம் செடி போயும் நாற்றம் போகவில்லை. வீட்டுக் கழிவுநீர்க் குழாய்கள் புதருக்குள் ஒளிந்து வாய்க்காலில்தான் திறந்திருந்தன. எது யாருடையது என்று தெரியாது. யாரைக் கேட்டாலும் ஒரே பதில். "எங்க வீட்டுத் தண்ணி தெருச் சாக்கடைக்குத்தாங்க போகுது."

மேடம் சண்டை போடவில்லை. பை நிறைய சொட்டு நீலம் வாங்கி வந்தார். வெள்ளை வேட்டிக்குப் போடுகிற அதே நீலம்தான்.

ஒவ்வொரு வீட்டிலும் அனுமதி கேட்டு உள்ளே போவார். குளியலறையில் ஒரு பாட்டில் நீலம், பின்னாடியே ரெண்டு வாளித் தண்ணீர். கீழே கரையில் நான் காவல். எந்தக் குழாயில் நீலம் வருகிறதோ அந்த வீட்டு நம்பரைக் கத்த வேண்டியது என் வேலை. ரொம்ப உற்சாகமாகக் கத்தினேன்.

எங்கள் வீட்டு முறை வந்தது. "நமக்கு வேணாம் மேடம், நம்மளது தெருப்பக்கம்தான்" என்றேன்.

"ஊத்திடுவோம் சார். நாளைக்கு யாராவது கேட்டா சொல்லணும்ல."

மேலேயிருந்து கோமதி குரல் கொடுத்தாள். "வருதாங்க?"

என் காலுக்குப் பக்கத்தில் இருந்த குழாயிலிருந்து... பளிச்சென்று நீலம்.

மற்றவர்கள் எல்லாம் தள்ளி, பாலத்தடியில் செடி இழுத்துக்கொண்டிருந்தார்கள். "வரல" என்றேன்.

மேடம் படியிறங்கி வந்தார். தண்ணீரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நீலம் பத்தல போல சார். இன்னொரு பாட்டில் ஊத்தவா?"

"வேணாம் மேடம்."

"சரிங்க சார். அடுத்த ஞாயித்துக்கிழமை கடப்பாரை எடுத்துட்டு வரேன்."

அவ்வளவுதான் பேச்சு. அடுத்த வாரம் எங்கள் கொல்லையில், கழிவுநீர் மண்ணுக்குள்ளேயே இறங்கிவிட உறிஞ்சுகுழி வெட்டினோம். உடைந்த செங்கல்லை அவரே சுமந்து போட்டார். வேடிக்கை பார்க்க வந்தவர்களிடம், "முதல் குழி சார் வீட்டுல. உங்க வீட்டுல எப்போங்க?" என்று மட்டும் கேட்டார்.

வாய்க்காலில் குழாயே இல்லாத மனுஷன் ஊருக்கு வழிகாட்டக் குழி வெட்டுகிறார் என்று தெரு நினைத்துக்கொண்டது. அப்புறம் யாராலும் மறுக்க முடியவில்லை. ஆடி பிறப்பதற்குள் எங்கள் வரிசை முழுக்கக் குழாயை அடைத்தாயிற்று.

வாய்க்காலே சுத்தமாகிவிட்டது என்று புளுக மாட்டேன். மேலே எத்தனையோ தெருக்கள் இருந்தன. ஆனால் புதுத்தண்ணீர் வந்தபோது எங்கள் படித்துறையில் நாற்றம் இல்லை. கோமதி அங்கேயே விளக்கேற்றி, காப்பரிசி படைத்துக் கும்பிட்டாள். மேல்படியில் நின்ற மேடத்தின் கையிலும் மஞ்சள் கயிறு கட்டினாள்.

மறுநாள் அந்தக் கையோடுதான் டைப் அடித்தார். என்ன மேடம் இது என்று சூப்பிரண்டெண்ட் கேட்டதற்கு, "எங்க தெருக் கயிறு சார்" என்றார். அந்தக் குரலில் இருந்த பெருமை... பக்கத்து மேசையில் நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

இன்றும் கல்யாண வீடுகளில் பழைய தெருக்காரர்கள் பார்த்தால், "முதல் குழி வெட்டினவர்" என்றுதான் என்னைக் காட்டுவார்கள். சிரித்து வாங்கிக்கொள்வேன். மேடம் பக்கத்தில் நின்றபோதும் வாங்கிக்கொண்டிருக்கிறேன். அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கோமதிக்கே இதைப் படித்தால்தான் தெரியும்.

நீலம் வந்துச்சு மேடம். எங்க வீட்டுக் குழாயிலதான் வந்துச்சு.

போயிட்டு வாங்க.